கல் யாருடையது, கேள்வி யாருடையது

கண்டி ஹந்தானை வீதியிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவகத்துக்கு 1984 முதல் 1990 வரை பணிப்பாளராக இருந்தவர் சிரில் பொன்னம்பெரும. 1923இல் காலியில் பிறந்த இரசாயன விஞ்ஞானி. அப்பல்லோ 11 சந்திரனிலிருந்து கொண்டுவந்த தூளில் உயிருக்கு மூலமான பொருள் ஏதும் இருக்கிறதா என்று முதன்முதலில் தேடியவர்களில் அவரும் ஒருவர். எங்கள் மஹய்யாவயிலிருந்து பார்த்தால் ஹந்தானை என்பது நகரத்தின் மறுபக்கத்து மலைதான். ஆனாலும் உயர்தர வகுப்பில் இரசாயனம் படிக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. விண்வெளி என்றதும் ரொக்கெட் ஏவும் பெரிய நாடுகள்தான் அவர்களுக்கு நினைவுக்கு வருகின்றன.

சந்திரனின் மண் ஓர் இலங்கையரின் ஆய்வு மேசைக்கு எப்படி வந்தது என்பதை விளங்கிக்கொண்டால், விண்வெளி ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்பதில் பாதி விளங்கிவிடும். அதற்குப் பின்னால் இருந்தது, அரசின் விண்வெளி நிறுவனத்துக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இடையே மெல்ல மெல்ல உருவான ஓர் ஏற்பாடு.

ரொக்கெட்டை எந்தப் பல்கலைக்கழகமும் தனியாகக் கட்டிவிட முடியாது. பத்துப் பதினைந்து வருடத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவதும், ஏவியது வெடித்தால் மறுபடியும் ஏவுவதும் நீண்ட காலம் அரசாங்கத்தால் மட்டுமே முடிந்தவை. ஆனால் மேலே போன பிறகு எதை அளப்பது, எதற்காக அளப்பது என்ற கேள்வி அரச அலுவலகத்தில் தானாக முளைப்பதில்லை. 1958 ஜனவரி 31ஆம் திகதி அமெரிக்கா தன் முதல் செய்மதியான எக்ஸ்புளோரர் 1ஐ ஏவியபோது, அதற்குள் இருந்த முக்கியமான கருவி ஐயோவா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜேம்ஸ் வான் அலன் கொடுத்த கைகர் எண்ணி. ரொக்கெட் இராணுவத்தினுடையது. பூமியைச் சுற்றிக் கதிர்வீச்சு வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்ததோ ஒரு பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறை. அந்த வளையங்கள் இன்றும் வான் அலன் பெயரால்தான் அழைக்கப்படுகின்றன.

அதே ஆண்டில் நாசா பிறந்தது. பிறந்த மறு வருடமே, பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்று தேடும் கருவி ஒன்றை அமைக்க யேல் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியலாளர் வுல்ஃப் விஷ்னியாக்குக்கு 4,485 டொலர் கொடுத்தது. இன்று வானுயிரியல் என்று வழங்கும் துறைக்கு அந்த நிறுவனம் கொடுத்த முதல் உதவி அதுதான். தொகை சிறியது. ஆனால் கேள்வி ஆராய்ச்சியாளரிடமிருந்து வரவேண்டும், பணம் அரசிடமிருந்து வரவேண்டும் என்ற முறை அப்போதே தெளிவாகிவிட்டது.

இந்த முறையின் உயிர்நாடி விண்ணப்பத்தைத் தெரிவு செய்யும் விதத்தில் இருக்கிறது. இந்தத் துறையில் இன்ன தொகைக்கு ஆய்வு வேண்டும் என்று நிறுவனம் அறிவிக்கும். பேராசிரியர் தன் கேள்வியையும் அதற்கு விடை தேடும் வழியையும் எழுதி அனுப்புவார். அதை மதிப்பிடுவதற்கு அதே துறையைச் சேர்ந்த வேறு விஞ்ஞானிகள் அழைக்கப்படுவார்கள். அவர்களில் பலர் வேறு பல்கலைக்கழகங்களில் இருப்பவர்கள். தெரிவானால் அந்தப் பேராசிரியர் முதன்மை ஆய்வாளர் ஆவார். பொறுப்பு அவர் பெயரில், கணக்கு அவருடைய பல்கலைக்கழகத்தின் பெயரில். அரசின் பணம்தான், ஆனால் எந்தக் கேள்வி பெறுமதியானது என்று தீர்மானிப்பதில் அமைச்சரை விட, அந்தக் கேள்வியை விளங்கிக்கொள்ளக்கூடியவர்களின் சொல்லுக்கே எடை அதிகம். எத்தனை உடன்படிக்கைகளில் கையொப்பமிட்டாலும் இந்த ஒன்று இல்லாத இடத்தில் ஆராய்ச்சி வளர்வதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பொன்னம்பெருமவின் பாதை வளைந்து வளைந்து போனது. 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்றார். பிறகு லண்டன் பேர்க்பெக் கல்லூரியில் இரசாயனம்; உயிர் எப்படித் தோன்றியது என்பதில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட ஜே. டி. பேர்னல் அங்கே இருந்தார். 1962இல் கலிபோர்னியாவின் பேர்க்லியில், நோபல் பரிசு பெற்ற மெல்வின் கல்வினிடம் கலாநிதிப் பட்டம். உடனேயே நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்கு, தேசிய விஞ்ஞானக் கழகம் நடத்திய ஆய்வாளர் திட்டத்தின் வழியாகப் போனார். பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் படிப்பை முடித்த ஒருவரை ஓரிரு வருடங்களுக்கு அரச ஆய்வுகூடத்துக்குள் எடுத்து, தன் சொந்தக் கேள்வியைத் தொடர விடுகிற திட்டம் அது. மறு வருடம் அவர் அங்கேயே நிரந்தரமாகச் சேர்ந்தார். இரசாயனப் பரிணாமப் பிரிவுக்குத் தலைவரானார். உயிர் வருவதற்கு முன்பிருந்த பூமியில் எந்த மூலக்கூறுகள் தாமாகவே உருவாகியிருக்கும் என்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. 1963இல் கார்ல் சேகன், ரூத் மரினர் ஆகியோருடன் சேர்ந்து, உயிரணுக்கள் சக்தியைச் சேமிக்கும் ஏடிபி மூலக்கூறைப் புறஊதாக் கதிரின் துணையோடு செயற்கையாக உருவாக்கிக் காட்டினார்.

சந்திரனின் மண் வந்தது 1969 ஜூலையில். அப்பல்லோ 11 கொண்டுவந்தது சுமார் 21.5 கிலோ. அது ஓர் அலுமாரிக்குள் பூட்டப்படவில்லை. அமெரிக்காவிலும் வெளிநாடுகளிலும் முன்கூட்டியே விண்ணப்பித்துத் தெரிவாகியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுக் குழுக்களுக்குச் சிறு சிறு பங்காகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 1970 ஜனவரியில் எல்லோரும் ஹூஸ்டனில் கூடி முடிவுகளைச் சொன்னார்கள். அந்த ஏற்பாட்டின் விதிகள் இன்றும் பெரிதாக மாறவில்லை. சந்திரக் கல் அரசின் சொத்து. ஆய்வாளருக்குக் கிடைப்பது இரவல் மட்டும். விண்ணப்பத்தை விஞ்ஞானிகள் பரிசீலிப்பார்கள். கிடைப்பது பெரும்பாலும் கிராமுக்கும் குறைவு. பாதுகாப்பாக வைக்க இடம் வேண்டும், மில்லிகிராம் மில்லிகிராமாகக் கணக்கு வேண்டும், மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். கல் அரசுடையது, கேள்வி ஆய்வாளருடையது.

சந்திரத் தூளில் உயிரின் மூலப்பொருள் என்று சொல்லும்படி எதுவும் தெளிவாகக் கிடைக்கவில்லை. சில குழுக்கள் அமினோ அமிலங்களின் மிக மெல்லிய தடயத்தைக் கண்டன. அது சந்திரனில் இருந்ததா, இறங்கிய கலத்தின் புகையிலிருந்து வந்ததா, மனிதர் கையிலிருந்து ஒட்டியதா என்ற வாதம் தீரவேயில்லை.

ஆனால் சந்திரனுக்காகத் தயாரான ஆய்வுகூடங்களுக்கு அதே வருடம் வேறொரு பரிசு வந்தது. 1969 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மேர்ச்சிசன் என்ற சிற்றூரில் விண்கல் மழை பொழிந்தது. எல்லாமாகச் சேர்த்து நூறு கிலோவுக்கு மேல் பொறுக்கப்பட்டது. காபன் நிறைந்த, அரிதான வகைக் கல். விழுந்த சூட்டோடு, மண்ணும் மழையும் அதிகம் தொடுவதற்கு முன்பே துண்டுகள் ஆய்வுகூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. வேறொரு காலத்தில் விழுந்திருந்தால் அரும்பொருளகத்தில் தூசு படிந்து கிடந்திருக்கும். அந்த வருடத்திலோ, கல்லில் நுண்ணிய கரிமப் பொருளைத் தேடத் தெரிந்த ஆட்களும் கருவிகளும் சந்திரனுக்காகவே ஆயத்தமாக இருந்தார்கள்.

அந்த ஆய்வு 1970 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்தது. எழுதியவர்கள் எட்டுப் பேர். கீத் குவென்வோல்டன் முதல் பெயர். ஏம்ஸ் மையத்துக் குழுவில் பொன்னம்பெருமவும் ஒருவர். அவர்களோடு லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஐ. ஆர். கப்லான், அரிசோனா அரச பல்கலைக்கழகத்தின் கார்ல்டன் மூர். கூட்டு ஆய்வு என்பது இன்னதென்று ஒருவருக்குக் காட்ட வேண்டுமானால் நான் அந்தப் பெயர்ப் பட்டியலைத்தான் காட்டுவேன். மூர் விண்கற்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் மையத்தை நடத்தியவர். ஏம்ஸ் குழுவிடம் அமினோ அமிலங்களை ஆவியாக்கிப் பிரித்தறியும் கருவியும், பிரித்ததை எடை பார்த்து அடையாளம் காணும் திணிவு நிறமாலைமானியும் இருந்தன. காபன் அணுக்களின் எடை வித்தியாசத்தை அளப்பதில் கப்லான் தேர்ந்தவர். எவரும் தனியாக முடித்திருக்க முடியாது.

அவர்கள் கண்டதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கல்லில் கிளைசீன், அலனீன், வலீன், புரோலீன், குளுட்டாமிக் அமிலம் ஆகியவை இருந்தன. இவை எல்லா உயிர்களின் புரதத்திலும் உண்டு. பொறுக்கியவரின் விரலிலிருந்தும் வந்திருக்கலாம். ஆகவே இது மட்டும் போதாது. அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவில் இருக்கக்கூடியவை; ஒன்று மற்றதன் கண்ணாடி விம்பம். பூமியில் உயிர்கள் புரதம் கட்டுவது இடக்கை வடிவத்தால்தான். விரலிலிருந்தோ மண்ணிலிருந்தோ ஒட்டியிருந்தால் இடக்கை வடிவம் மிகுந்திருக்க வேண்டும். மேர்ச்சிசன் கல்லில் இரண்டும் ஏறக்குறையச் சம அளவில் இருந்தன. அதோடு, புரதங்களில் இடம்பெறாத சார்கோசீன், 2-மெதைல் அலனீன் என்ற இரண்டும் இருந்தன. கப்லானின் அளவையும் அதையே சொன்னது: கல்லின் கரிமப் பொருளில் பாரமான காபன் அணுக்களின் பங்கு, பூமியின் உயிர்ப்பொருட்களில் உள்ளதை விட அதிகம். இப்படி ஒன்றையொன்று சாராத மூன்று சான்றுகளும் ஒரே திசையைக் காட்டின. உயிரே இல்லாத இடத்தில், பூமிக்கு அப்பால், உயிரின் செங்கற்கள் இயற்கையாக உருவாகின்றன என்பதற்கு உறுதியான முதல் ஆதாரம் அது.

மறு வருடமே பொன்னம்பெரும நாசாவை விட்டு மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய், நாசாவின் உதவியோடு இரசாயனப் பரிணாம ஆய்வுகூடத்தை நடத்தினார். அரச நிறுவனத்துக்குள் வேலை செய்யும்போது திட்டம் முடிந்தால் பிரிவு கலையலாம், ஆட்கள் வேறு வேலைக்கு மாற்றப்படலாம். பல்கலைக்கழகத்தில் மாணவர் வந்துகொண்டே இருப்பார்கள். ஒருவர் முடித்த இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்குவார். ஒரு கேள்வி ஒரு மனிதரின் ஆயுளைத் தாண்டி வாழ வேண்டுமானால் அதற்கு மாணவர் பரம்பரை வேண்டும்.

கேள்விகள் அப்படித்தான் ஆயுளைத் தாண்டின. சந்திரத் தூளின் அமினோ அமிலங்களைப் பற்றித் தீராமல் கிடந்த வாதத்தை, நாசாவின் கோடார்ட் மையத்தில் ஜேமி எல்சிலாவும் சகாக்களும் 2016இல் மறுபடி எடுத்தார்கள். பூட்டிப் பாதுகாத்திருந்த அப்பல்லோ மாதிரிகளை, முன்பு இல்லாத நுண்மையான கருவிகளால் ஆராய்ந்தார்கள். பெரும்பகுதி பூமியிலிருந்து ஒட்டிய அழுக்கு. ஒரு சிறு பகுதி சந்திரனில் விழுந்த விண்கற்களிலிருந்து வந்தது என்பது முடிவு. நாற்பது வருடத்துக்கு மேலான காத்திருப்பு. மாதிரியை முழுவதும் செலவழிக்காமல் வைத்திருந்ததால் மட்டுமே அது முடிந்தது. அப்பல்லோ 17 அடைத்து வைத்த ஒரு குழாயை 2022 மார்ச்சில்தான் திறந்தார்கள். வறுமை வந்தாலும் விதைநெல்லில் கைவைக்காத விவசாயியைப் போல, நாளைய கருவிக்கும் நாளைய மாணவருக்கும் என்று ஒரு பங்கை எடுத்து வைப்பதுதான் அரச நிறுவனம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன். எந்தப் பேராசிரியரின் ஓய்வு வயதும் அவ்வளவு பொறுமைக்கு இடம் கொடுக்காது.

இன்று அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்குமான இந்த உறவு இன்னும் ஒரு படி ஏறியிருக்கிறது. பெனு என்ற குறுங்கோளுக்குப் போய் மண் அள்ளிவந்த ஒசைரிஸ்-ரெக்ஸ் பயணத்தின் தலைமை அரிசோனாப் பல்கலைக்கழகத்துடையது. திட்டம் 2011இல் தெரிவானபோது முதன்மை ஆய்வாளர் மைக்கேல் டிரேக். அதே வருடம் அவர் காலமாக, டான்டே லொரெட்டா பொறுப்பேற்றார். நிர்வாகம் கோடார்ட் மையத்திடம், கலத்தைக் கட்டியது லொக்ஹீட் மார்ட்டின். 2016இல் கிளம்பி, 2020இல் பெனுவைத் தொட்டு, 2023 செப்டம்பர் 24ஆம் திகதி 121.6 கிராம் மண்ணோடு யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. 60 கிராம் கிடைத்தாலே போதும் என்றுதான் தொடங்கினார்கள். அதில் பெரும்பங்கு பிற்காலத்துக்கென ஒதுக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வந்த முடிவு: புரதம் கட்டும் 20 அமினோ அமிலங்களில் 14 அங்கே இருந்தன, இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழச் சமமாக. மேர்ச்சிசன் சொன்னதையே, பூமியின் காற்றுப் படாத மண்ணும் சொன்னது.

இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2012 டிசம்பர் 29ஆம் திகதி பொலன்னறுவைப் பக்கம் வானில் தீப்பிழம்பு தெரிந்தது. வயல்களில் கற்கள் பொறுக்கப்பட்டன. சந்திரா விக்கிரமசிங்கவும் சகாக்களும் அவற்றை ஆராய்ந்து, உள்ளே நுண்ணிய பாசிகளின் எச்சங்கள் இருக்கின்றன, உயிர் விண்ணிலிருந்து வந்ததற்கு அவை சான்று என்று எழுதினார்கள். விக்கிரமசிங்க உலகறிந்த வானியலாளர்; ஹந்தானை நிறுவகத்தின் முதல் பணிப்பாளரும் அவரே. ஆனால் அந்தக் கற்கள் விண்கற்கள்தாமா என்பதையே பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. அந்தப் பாசிகள் பூமியின் நன்னீரில் வாழ்பவை என்றார்கள். மேர்ச்சிசனில் இருந்த மூன்று சான்றுகளையும், தனித்தனி நிறுவனங்களின் குறுக்குச் சோதனையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பொலன்னறுவைக் கற்களைப் பொறுக்கிய கணத்திலிருந்து கணக்கு எழுதி, பொதுக் காப்பகத்தில் வைத்து, ஒன்றையொன்று அறியாத நாலைந்து ஆய்வுகூடங்களுக்கு ஒரே நேரத்தில் பகிர்ந்தளிக்கும் அமைப்பு அன்று இந்த நாட்டில் இருந்திருந்தால், விடை எதுவாக இருந்தாலும் உலகம் அதை ஏற்றிருக்கும்.

செய்மதிப் பக்கத்தில் எங்களுக்கு நடந்தது வேறு. ஆதர் சி. கிளார்க் நிறுவகம் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தோடு கைகோத்தது. வளரும் நாடுகளின் பொறியியலாளர்களைப் பட்டப் படிப்புக்கு எடுத்து, படிக்கும் காலத்திலேயே அவர்கள் நாட்டுக்கு ஒரு சிறு செய்மதியைக் கட்ட வைப்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் திட்டம். இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் கட்டிய, ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான இராவணா-1, நேபாளத்தினதும் ஜப்பானினதும் செய்மதிகளோடு 2019 ஜூன் 17ஆம் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. தமிழ்நாட்டில் இதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பே, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் உருவான சுமார் 40 கிலோ அனுசாட், இஸ்ரோவின் ஆதரவோடு 2009 ஏப்ரல் 20ஆம் திகதி பிஎஸ்எல்வி-சி12இல் போனது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று கட்டிய முதல் செய்மதி அது. இரண்டையும் மதிக்கிறேன். ஆனாலும் சிறு செய்மதியின் ஆயுள் குறைவு. கட்டியவரின் கையில் ஏறிய தேர்ச்சிதான் மிஞ்சும். அந்தத் தேர்ச்சிக்கு ஊர் திரும்பியதும் அடுத்த வேலை காத்திருக்க வேண்டும்.

கண்டிக்கு எது பொருந்தும்? ஹந்தானை நிறுவகம் இன்று சூரியக் கலங்களுக்கும் மண் நுண்ணுயிர்களுக்கும் பெயர் பெற்றது. விண்கல் இரசாயனம் அதன் முகவரியாக இப்போது இல்லை. பொன்னம்பெருமவின் தொடர்புகள் அவருடைய தொடர்புகளாகவே இருந்தன. 1994 டிசம்பரில் அவர் காலமானார். ஆனால் அங்கே வேலை செய்யும் இளம் ஆய்வாளர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் விஞ்ஞான நிறுவகத்தில் பதிவு செய்து பட்டம் பெறும் வழக்கம் இருக்கிறது. அரச நிறுவகமும் பல்கலைக்கழகமும் ஒரே மாணவரைப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாடுதான் தொடங்க வேண்டிய இடம். ரொக்கெட் தேவையில்லை. ஜப்பானின் ஹயபுசா2 கலம் ரியுகு குறுங்கோளிலிருந்து 2020இல் கொண்டுவந்த 5.4 கிராமிலிருந்து ஒரு துகளுக்கு எந்த நாட்டு ஆய்வாளரும் விண்ணப்பிக்கலாம். சந்திரக் கல்லுக்கும் அப்படியே. கோள்களுக்குப் போன கலங்களின் தரவுகள் கட்டணமின்றித் திறந்து கிடக்கின்றன.

இப்படி மாதிரி கேட்டு விண்ணப்பிக்கும்போது, உங்கள் ஆய்வுகூடம் சுத்தம் என்பதற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கும். அதை எழுதிக் காட்டுவதற்குச் சந்திர மண் வேண்டாம். படிக மணலை 500 பாகை வெப்பத்தில் சுட்டு, அதில் ஒட்டியிருந்த கரிமப் பொருளையெல்லாம் எரித்துவிட்டு, விண்கல்லுக்குச் செய்யும் அத்தனை படிகளையும் அந்த வெறும் மணலுக்குச் செய்து பார்க்க வேண்டும். கருவி எதையாவது காட்டினால் அது உங்கள் தண்ணீரிலிருந்தோ கையுறையிலிருந்தோ கண்ணாடிக் குழாயிலிருந்தோ வந்தது. எது என்று கண்டுபிடித்து, மாற்றி, மறுபடி செய்ய வேண்டும். பேராதனையில் ஒரு மாணவி தன் முதல் வருடம் முழுவதையும் இதற்கே கொடுக்க, அந்த வருடத்துக்கான உதவித்தொகையை ஹந்தானை நிறுவகம் உறுதி செய்தால் போதும்.